கூடி ஓடுதலும் உடற்சூடும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் விடியற்காலைப் பேருந்தில் ஏறியவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். இருள் முழுதும் விலகாத அந்நேரத்தில், சாலையின் ஓரமாக, ஐந்து பேர் பத்துப் பேர் எனக் கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். சிலர் காலில் காலணி இருக்கும். சிலர் வெறுங்காலுடன் ஓடுவர். இவர்கள் உடல் இளைக்க ஓடுகிறவர்கள் அல்லர். இளைப்பதற்கு அவர்கள் உடலில் ஒன்றும் இல்லை. சீருடைப் பணியில் சேர ஓடுகிறார்கள்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் காவலர் தேர்வில், எழுத்துத் தேர்வில் தேறிய ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. இராணுவ ஆட்சேர்ப்பு முகாம்களிலோ 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடிப்பவருக்கே முழு மதிப்பெண் என்ற முறை வழங்கி வந்திருக்கிறது. புத்தகத்தை எத்தனை முறை புரட்டியிருந்தாலும் இந்தச் சில நிமிடங்களில் தவறியவருக்கு வேலை இல்லை. எனவேதான் நம் வகுப்புத் தோழர்களிற் பலர் காலை ஐந்து மணிக்கே சாலைக்கு வந்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படிக்கட்டில் முதலில் கால் வைத்தவன் நான். ஓட்டம் என்றால் எங்கள் வீட்டில் பேருந்தைப் பிடிக்க ஓடுவது. மழை வந்தால் களத்து நெல்லை மூட ஓடுவது. "நாள் முழுக்க உடம்பு வணங்கி வேலை செய்யறவங்களுக்கு எதுக்குடா தனியா ஓட்டம்?" என்று என் தாயார் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. உழைத்துப் பழகிய உடம்பு எந்த ஓட்டத்தையும் தாங்கிவிடும் என்பதே அது. கூட்டத்தோடு முதன்முறை ஓட வருகிற புதியவர்களும் அப்படித்தான் நம்பி வருகிறார்கள். கூடி ஓடுவதில் நன்மை மிகுதி. இருந்தும், அது புதியவருக்கு முதல் நாளே கற்றுத்தருவது பிறருடைய வேகத்தைத்தான். இந்தக் கடற்கரைப் பகுதியின் காற்றில் அது எவ்வளவு ஆபத்தானது என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் வேகத்தைக் காண்போம். 1500 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடம் என்பது 420 வினாடி. வகுத்துப் பார்த்தால் சுற்றுக்கு 112 வினாடி வருகிறது. இது ஒன்றும் மலைக்கத்தக்க வேகம் அன்று. ஒழுங்காக மூன்று மாதம் பழகியவர் பேசிக்கொண்டே கூட ஓடிவிடலாம். அவ்வாறிருக்க, ஏன் இத்தனை பேர் தவறுகிறார்கள்? எந்தத் தேர்வு மைதானத்திலும் விசில் ஊதியவுடன் நடப்பதைப் பாருங்கள். நிற்கும் அத்தனை பேரும் முதல் சுற்றை எண்பது வினாடியில் ஓடுகிறார்கள். முன்னால் ஓடுபவர் ஒருவேளை உண்மையிலேயே வல்லவராக இருக்கலாம். அவருடைய முதுகைப் பார்த்து ஓடுகிற மற்றவர்கள் அவ்வாறில்லை. இரண்டாவது சுற்றின் பாதியில் மூச்சு இரைக்கிறது. மூன்றாவதில் கால்கள் ஈயக் குண்டுகளாகின்றன. 112 வினாடியில் ஓடியிருந்தால் தேறியிருப்பவர், 80 வினாடியில் ஓடியதால் தோற்கிறார். கூட்டத்தில் ஓடுகிறவருக்குத் தம் கடிகாரம் மறந்துபோகிறது.

கூட்டம் வேறொரு விதத்திலும் ஏமாற்றும். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்து, 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற கோ. இலட்சுமணனை நாம் அறிவோம். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும் பதக்கம் அவருக்குக் கிட்டவில்லை. முந்திச் செல்கையில் ஒரு காலடி தடத்தின் உட்கோட்டைத் தாண்டிவிட்டது என்று நடுவர்கள் நீக்கிவிட்டார்கள். நெரிசலில் முந்துவது அத்தனை தேர்ந்த வீரருக்கே இடர் தருமானால், நேற்று ஓடத் தொடங்கியவரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

வேகத்தில் தவறினால் வேலை போகும். அடுத்த ஆண்டு முயலலாம். வெப்பத்தில் தவறினால் அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன்.

வியர்வையின் கணக்கு

சமதரையில் ஓடுபவர், தம் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 60 கிலோகலோரி, அதாவது சுமார் 250 கிலோஜூல். நம் தசைகள் சிக்கனமான எந்திரங்கள் அல்ல. இந்த ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஆக, கிலோமீட்டருக்கு 200 கிலோஜூல் வெப்பம்.

மனித உடலின் தன்வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 3.5 கிலோஜூல். 60 கிலோ உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 210 கிலோஜூல் போதும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உண்டாகும் வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும்! 37 டிகிரியில் புறப்பட்டவர் மூன்றாவது கிலோமீட்டரிலேயே 40 டிகிரியைத் தொட்டுவிடுவார். (இக்கணக்கில் எடை வகுபட்டுப் போய்விடுகிறது என்பதைக் கவனிக்க. ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் விடை ஒன்றே.) 40 டிகிரிக்கு மேல் மூளையின் செயல் தடுமாறத் தொடங்குகிறது. மருத்துவர்கள் வெப்பத்தாக்கு என்று அழைப்பது இந்த நிலையைத்தான்.

நாம் யாரும் மூன்றாவது கிலோமீட்டரில் விழுவதில்லை. காரணம் வியர்வை. ஒரு கிராம் வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பத்தை உடன் எடுத்துச் செல்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த 'உள்ளுறை வெப்பம்' இங்கே நம்மைக் காக்கிறது. 200 கிலோஜூலைப் போக்க 83 கிராம் வியர்வை ஆவியானால் போதும். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிட வேகத்தில் ஓடுபவருக்கு மணிக்கு ஒரு லிட்டர். ஏழு நிமிட வேகத்தில் ஓடுபவருக்கு முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு.

ஆனால் 'ஆவியாகும்போது' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டி மண்ணில் விழும் வியர்வை, உடலை ஒரு சிறிதும் குளிர்விப்பதில்லை. "நல்லா வேர்த்துக் கொட்டுது, உடம்புக்கு நல்லது" என்று சொல்லக் கேட்கிறோம். கொட்டுகிற வியர்வை வீணான வியர்வை.

இங்கேதான் நம் கடற்கரையின் குணம் குறுக்கிடுகிறது. ஆவியாதல், தோலின் மேலுள்ள ஆவியழுத்தத்துக்கும் காற்றிலுள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது என்பது டால்டன் கண்ட விதி. 35 டிகிரியிலுள்ள ஈரத்தோலின் மேல் ஆவியழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடலோர விடியற்காலையில் காற்றின் ஆவியழுத்தம் 24 மில்லிமீட்டர். வேறுபாடு 18. அதே 28 டிகிரியில், 50 விழுக்காடு ஈரப்பதமே உள்ள உள்நாட்டு ஊர் ஒன்றில் காற்றின் ஆவியழுத்தம் 14, வேறுபாடு 28. வெப்பமானி இரண்டிடத்திலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் கடலோரத்தில் ஓடுபவரின் தோலிலிருந்து, உள்நாட்டில் ஓடுபவருடையதைப்போல் மூன்றில் இரண்டு பங்கு வியர்வையே ஆவியாகும். காற்றின் வேகம், ஆடை, வெயில் ஆகியவற்றைச் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. எனினும் அது காட்டும் திசை தெளிவானது. வெளியேறும் வாசல் குறுகலாக இருந்தால் உள்ளே வருவதைக் குறைக்க வேண்டும். அதாவது வேகத்தைக் குறைக்க வேண்டும். வேறு வழி இயற்பியலில் இல்லை.

விடியற்காலை என்பதால் பயமில்லை என்று எண்ணுவோரும் உளர். வெப்பம் குறைந்த நேரம் அது என்பது மெய். ஒப்பு ஈரப்பதம் மிகுந்த நேரமும் அதுவே. கோடையில் கடற்காற்று கரையேறப் பெரும்பாலும் முற்பகல் கடந்துவிடும். சூரியன் ஏறி, கடற்காற்று இன்னும் வராத இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று மணி நேரந்தான் நம் பகுதியில் ஓடுபவருக்குப் பொல்லாத நேரம்.

திருக்கழுக்குன்றம் முதல் கடற்கரை வரை

மேற்சொன்ன கணக்கெல்லாம் ஒரு நாள் கண்முன் நடந்தது. சென்ற வைகாசியில் பதினொரு பேர் சேர்ந்து திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை, ஏறத்தாழ 15 கிலோமீட்டர், ஓடினோம். ஐந்து மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. இருவர் வர வேண்டிய பேருந்து தாமதமானதால் புறப்படும்போது ஆறரை ஆகிவிட்டது. வேதகிரீசுவரர் மலையைப் பின்னால் விட்டுக் கிழக்கு நோக்கி ஓடினோம். கிழக்கு நோக்கி என்றால் சூரியனை நோக்கி. இலை அசையவில்லை.

எங்கள் பகுதிப் பையன்களுக்கு ஓட்டம் பழக்குபவர் முன்னாள் இராணுவ வீரர் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். 'மிலிட்டரி அண்ணன்' என்றே எல்லாரும் அழைப்போம். கழுத்தில் ஒரு விசில், இடுப்பில் ஈரத்துண்டு. அவருடைய கருவிகள் இவ்வளவே. அவர் எப்போதும் கடைசியில்தான் ஓடுவார். முன்னே ஓடக்கூடியவர்தாம், ஆனால் ஓடமாட்டார். ஒருமுறை காரணம் கேட்டேன். "முன்னாடி ஓடறவனை ஊரே பாக்கும் தம்பி. பின்னாடி வர்றவனைப் பாக்க ஓர் ஆள் வேணுமில்ல?" என்றார்.

அன்று வந்தவர்களில் முதலாண்டு வணிகவியல் மாணவன் ஒருவன் புதியவன். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழகாதவன். வயல் வேலை செய்து உரமேறிய உடம்பு. மூன்று கிலோமீட்டர் வரை எல்லாரும் சேர்ந்தே சென்றோம். பின்பு, இராணுவத் தேர்வுக்குப் பழகும் நால்வர் பிரிந்து முன்னே சென்றனர். புதியவனும் அவர்களோடு சென்றுவிட்டான். விசில் ஒலித்தது, தூரம் கூடிவிட்டதால் அவர்கள் காதில் விழவில்லை போலும். ஆறாவது கிலோமீட்டரில் அவன் ஒரு கடையில் நின்று தண்ணீர் குடித்ததை நடுவில் ஓடிக்கொண்டிருந்த நாங்கள் பார்த்தோம். இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், தாகத்தால்தான் வெப்பத்தாக்கு வரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அவன் தாகத்தோடு ஓடவில்லை.

ஒன்பதாவது கிலோமீட்டரில் நால்வரிடமிருந்து விலகினான். சிறிது தூரத்தில் நாங்கள் அவனைக் கடந்தோம். கை காட்டிச் சிரித்தான். பதினோராவது கிலோமீட்டரில், கடைசியில் வந்த மிலிட்டரி அண்ணன் அவனைக் கண்டபோது சாலையில் நேர்கோட்டில் அவன் நடக்கவில்லை. "ஒண்ணுமில்லண்ணே, வந்துடுவேன்" என்றான். அவர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. "உங்க ஊருக்கு எந்த பஸ்ஸுடா வரும்? நம்பர் சொல்லு" என்று கேட்டார். அவன் தான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னான். அடுத்த நொடி விசில் நீளமாக ஒலித்தது. நாங்கள் திரும்பி ஓடினோம்.

அதன்பின் நடந்தவை மிக விரைவாக நடந்தன. புளியமர நிழலில் படுக்க வைத்தார். சட்டையைக் கழற்றினார். பக்கத்துத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இரு தாய்மார்கள், கேட்பதற்கு முன்னரே குடத்தோடு வந்து தலையிலும் மார்பிலும் ஊற்றினார்கள். ஒருவர் ஊற்ற, மற்றவர் துண்டால் விசிற, நான் 108-ஐ அழைத்தேன். வண்டி வருவதற்குள் ஆறேழு குடம் ஊற்றியாகிவிட்டது. கால் மணி நேரம் கழித்து, "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் மிலிட்டரி அண்ணன் முகத்தில் தோன்றிய நிம்மதியை என்னால் விவரிக்க இயலாது. மருத்துவமனையில் சோதித்துவிட்டு மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு அவனிடம் கேட்டபோது அவன் சொன்னது: "எல்லாரும் போறாங்க, நான் மட்டும் எப்படி நிக்கிறதுன்னு ஓடினேன்." நண்பர்களே, உடல் தரும் எச்சரிக்கையைக் கேளாமற் செய்வது வலிமையின்மை அன்று, வெட்கம். தனியே ஓடியிருந்தால் அவன் ஏழாவது கிலோமீட்டரிலேயே நடக்கத் தொடங்கியிருப்பான்.

வேறு நாடுகள் கற்ற பாடம்

இந்தப் பாடத்தை உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1912 ஜூலை 14 அன்று ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் 68 பேர் ஓடினர். சுவீடனில் எவரும் எதிர்பாராத வெயில். ஏறத்தாழப் பாதிப் பேரே ஓடி முடித்தனர். போர்த்துகல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ, லிஸ்பனில் தச்சுத் தொழில் செய்த இளைஞர், சுமார் முப்பதாவது கிலோமீட்டரில் சுருண்டு விழுந்தார்; மறுநாள் இறந்தார். வெயில் தோலைச் சுடாதிருக்க அவர் உடலெங்கும் மெழுகு போன்ற கொழுப்பைப் பூசியிருந்ததாகக் கூறுவர். வியர்வைக்கு வாசலே இல்லாமற் போயிற்று. மேலே நான் போட்ட கணக்கின் மிகக் கொடிய விளக்கம் இது. அதே போட்டியில் ஜப்பானிய வீரர் ஷிசோ கனகுரி களைத்து ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கி, பழச்சாறு அருந்தி இளைப்பாறினார். 1967-இல் அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்து ஓட்டத்தை முடிக்கச் செய்தார்கள். ஓடி முடிக்க ஆன காலம் 54 ஆண்டு 8 மாதம் 6 நாள் என்று ஏட்டில் எழுதினார்கள்! அவர் 1983 வரை வாழ்ந்தார். ஒதுங்கியவரைப் பார்த்து நாம் சிரிக்கலாம். பேரப்பிள்ளைகளைக் கண்டவர் அவர்தாம்.

அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாம் ஒன்று, தென் கரோலினா மாநிலத்தில் பாரிஸ் தீவு என்னுமிடத்தில் இருக்கிறது. நம் கடற்கரையைப் போலவே புழுக்கம் மிகுந்த இடம். புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சியில் வெப்பத்தால் அடிக்கடி வீழ்ந்தனர். யாக்லோ, மினார்டு என்னும் இருவர் இதை ஆராய்ந்து 1957-இல் ஒரு முறையை வெளியிட்டனர். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்ணில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கருங்கோள வெப்பமானியின் எண்ணில் பத்தில் இரண்டு பங்கு, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானியின் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. இவற்றைக் கூட்டி வரும் எண்ணுக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு, கருப்புக் கொடிகளை ஏற்றுவர். 32.2 டிகிரியைத் தாண்டினால் கருப்புக் கொடி. கடும் பயிற்சி நிறுத்தப்படும்.

எடுத்துக்காட்டாக, ஈர வெப்பமானி 28, கருங்கோளம் 48, நிழல் வெப்பம் 37 என்று கொள்வோம். 19.6, 9.6, 3.7 ஆகியவற்றைக் கூட்டினால் 32.9. கருப்புக் கொடி. நம் கோடைப் பகலுக்கு இவை மிகையான எண்கள் அல்ல. (சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று நிழல் வெப்பமே 45 டிகிரியைத் தொட்டது.) சாதாரண வெப்பமானிக்குப் பத்தில் ஒரு பங்கும் ஈர வெப்பமானிக்குப் பத்தில் ஏழு பங்கும் கொடுத்திருப்பதை நோக்குங்கள். புழுக்கமே முதற்பகைவன் என்பதை அந்த ஆராய்ச்சியாளர்கள் எண்ணாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் இழப்புகள் நின்றபாடில்லை. 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் பணிக்கு 583 இடங்களுக்கான உடற்தகுதித் தேர்வு தொடங்கியது. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். காரணங்கள் பற்றிப் பல கருத்துகள் எழுந்தன: வெயில், புழுக்கம், நீண்ட நேரக் காத்திருப்பு, பயிற்சியின்மை. செப்டம்பர் தொடக்கத்தில் தேர்வு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்பது பழகியவருக்குப் பெரிய வேகமன்று. பழகாதவர், வேலை ஒன்றே குறியாக, ஆயிரம் பேர் நடுவில், வெப்பத்தில் ஓடும்போது அது என்னவாகிறது என்பதை அச்செய்தி காட்டியது. அவர்கள் நம்மைப் போன்றவர்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் முதல் படிப்பாளிகளோ!

அவ்வாறாயின் கூடி ஓடுவதையே விட்டுவிடலாமா? கூடாது. நம் ஊர்ச் சாலைகளில் விடியற்காலையில் ஒரு பெண் தனியே ஓட முடியாது. நால்வர் சேர்ந்தால் ஓடலாம். காவலர் வேலைக்குப் பழகும் நம் மாணவியருக்குக் கூட்டம் ஒன்றே பாதுகாப்பு. மேலும், 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் கடந்தது 41 ஓட்டக்காரர்கள் மாறி மாறி அவரைச் சூழ்ந்து ஓடியதால்தான். அவர்கள் காற்றைத் தடுத்து அவர் வேலையைக் குறைத்தார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வியன்னாவில் அன்று குளிர்ந்த காலை. நம் கடற்கரையில் நெருங்கி ஓடினால், நடுவில் இருப்பவருக்கு வியர்வையை உலர்த்தும் காற்றும் அல்லவா தடைப்படும்? அதனால் இங்கே குழுவாக ஓடுவோர் கையெட்டும் தூரத்துக்கு மேல் இடைவெளி விட்டு ஓடுவதே அறிவுடைமை. குழுவின் பயன் கிப்சோகேயின் குழுவில் எங்கே இருந்தது என்பதையும் எண்ண வேண்டும். 41 பேரும் அந்த ஒருவருடைய வேகத்துக்காக ஓடினார்கள். எங்கள் மிலிட்டரி அண்ணன் கடைசியில் ஓடுவதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

ஏற்ற வேகம் எது என்று அறியக் கருவி ஏதும் வேண்டா. பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பார்த்தால் போதும். முடியாவிட்டால் வேகம் மிகுதி. தனியே ஓடுபவருக்கு இந்த வசதி இல்லை. தனக்குத்தானே பேசிக்கொண்டு ஓடினால் ஊரார் வேறு விதமாக எண்ணுவர்!

உடலும் கோடைக்குப் பழகும். பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை, நாள்தோறும் சிறிது சிறிதாக வெப்பத்தில் ஓடினால், இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. அதில் உப்பு குறைகிறது. ஆகவே தேர்வுத் தேதி அறிவித்த பின் மூன்று நாள் ஓடிவிட்டுச் செல்பவர் உடலுக்கு இந்த வாய்ப்பே தருவதில்லை. குளிர்ந்த அறையில் எந்திரத்தின்மேல் ஓடிப் பழகியவர் நிலையும் அதுவே. காய்ச்சல், வயிற்றுப்போக்கு கண்ட வாரத்தில் ஓடவே கூடாது. ஊக்கம் தரும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளையும் ஊசிகளையும் தொடாதிருப்பது உயிரைக் காக்கும்.

தண்ணீர் பற்றி ஒரு சொல். தாகத்துக்கு ஏற்பக் குடிக்க வேண்டும். வயிறு முட்டக் குடிப்பதும் தீங்கே. 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. அவர்களிற் பலர் ஓடும்போது அளவுக்கு மீறி நீர் அருந்தியவர்கள். நம் வீட்டு நீராகாரத்திலும் மோரிலும் உப்பு இருப்பது நல்லதே. விலை கூடிய புட்டிப் பானங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

யாராவது தடுமாறினால் என்ன செய்வது? அன்று புளியமரத்தடியில் நடந்ததே சரியான வரிசை என்று பின்னர்ப் படித்து அறிந்தேன். குளிர்வித்தல் முதலில், வண்டியில் ஏற்றுதல் அதற்குப் பின். முதல் அரை மணி நேரத்துக்குள் உடலின் சூட்டைத் தணித்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். மாமல்லபுரம் சாலையிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லவே அவ்வளவு நேரம் ஆகிவிடும். எனவே 108-ஐ அழைத்துவிட்டு, வரும் வரையில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பம்புசெட்டுத் தொட்டி அருகில் இருந்தால், தலையை வெளியே தாங்கிப் பிடித்தபடி உடலை நீரில் அமிழ்த்தலாம். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். வியர்வை வடிகிறதே, அதனால் வெப்பத்தாக்கு அன்று என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஓட்டத்தால் வரும் வெப்பத்தாக்கில் தோல் நனைந்தே இருக்கலாம். பேச்சு குழறுகிறதா, கேட்ட கேள்விக்கு விடை பொருந்துகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

வைகாசிக்குப் பிறகு எங்கள் குழு சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டது. கடைசியில் ஓடும் பொறுப்பு இப்போது முறை வைத்து வருகிறது. இம்மாதம் என் முறை. முன்னால் செல்பவர்கள் ஒவ்வொரு இரண்டு கிலோமீட்டருக்கும் திரும்பி வந்து கடைசி ஆளைத் தொட்டுவிட்டு மீண்டும் முன்னே செல்வார்கள். அவர்களுக்குக் கூடுதல் தூரம் கிடைக்கிறது. புதியவனுக்குத் துணை கிடைக்கிறது. ஆறு மணிக்குள் புறப்பட முடியாத நாட்களில் தூரம் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. இரண்டு வெப்பமானிகள் வாங்கி, ஒன்றின் குமிழில் நனைந்த பருத்தித் திரியைச் சுற்றி, ஓடத் தொடங்கும் இடத்து வேப்பமரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். நம் ஆய்வகத்தில் முதலாண்டிலேயே செய்கிற சோதனைதான். ஈரக்குமிழ் எண்ணைச் சுண்ணக்கட்டியால் சிலேட்டில் எழுதி வைப்பது அந்த வணிகவியல் மாணவனின் பொறுப்பு. நம் கல்லூரி மைதானத்திலும் அப்படி ஒரு சோடி வெப்பமானியை உடற்கல்வித் துறையினர் வைக்க முன்வந்தால், திரியை நாள்தோறும் நனைத்து வைக்க இயற்பியல் மாணவர்களாகிய நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.